இன்றைய வீக்கம் ஆறு அடி

எனக்குக் கடல் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அலையைப் பார்த்து மயங்கி நிற்கிற ஆள் யாரோ எழுதுகிறாள் என்று நினைத்துக்கொள்வீர்கள். அஸ்தினாபுரத்தில் வீடு வாங்கியபோது, கடல் தூரத்தில் இருக்கிறது என்பதுதான் எனக்கு அந்த இடத்தில் பிடித்த ஒரே விஷயம். ஏரி பக்கத்தில் இருக்கிறது என்பதைத் தரகர் சொல்லவில்லை. அதை முதல் நவம்பர் மழை சொன்னது.

அப்படிப்பட்ட எனக்கு இன்று மாலத்தீவின் தெற்கு ஓரத்தில் உள்ள ஒரு பவளப்பாறையின் மேல் நாளை எத்தனை அடி அலை எழும், காற்று எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கும், எத்தனை மணிக்குத் தண்ணீர் ஏறும் என்பதெல்லாம் மனப்பாடம். தாம்பரத்தில் நாளை மழை உண்டா என்று கேட்டால் தெரியாது. குடையை எடுத்துக்கொண்டு போய்விடுவேன்.

எங்கள் ஒரே மகள் இன்ஜினியரிங் முடித்து, பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்பெனியில் நல்ல வேலையில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கோவளத்துக்குப் போய் அலைச்சறுக்கு கற்றுக்கொண்டாள். கோயிலுக்கு வராமல் கடலுக்குப் போகிறாளே என்று நான் கத்தினேன். ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு, மாலத்தீவில் அலைச்சறுக்குக்காரர்கள் வந்து தங்கும் ஒரு சின்னத் தீவில் வழிகாட்டியாகச் சேரப் போகிறேன் என்றாள். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களைத் தினமும் காலையில் தோணியில் ஏற்றி, எந்தப் பாறையில் அலை நன்றாக எழுகிறதோ அங்கே கூட்டிப்போக வேண்டும். அங்கேயும் அதற்குத் தோணி என்றுதான் பெயராம். அந்த ஒரு சொல்தான் எனக்கு ஆறுதலாக இருந்தது.

நான் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தேன். என் கணவர் படப்பையைத் தாண்டி ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பார்த்து ஓய்வுபெற்றவர், எதையும் சட்டென்று சொல்லிவிட மாட்டார். மூன்றாம் நாள் காலையில் போனை எடுத்துக்கொண்டு வந்து எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்தப் பாறைக்கென்று அலையும் காற்றும் சொல்கிற ஒரு ஆப்பை இறக்கி வைத்திருந்தார்.

"ஸ்வெல்னு போட்டிருக்கான். ஸ்வெல்லுன்னா என்ன, வீக்கமா?"

"கடலுக்கு எங்க அடி பட்டுச்சாம், வீங்கறதுக்கு?" என்றேன். கோபத்தில்தான் சொன்னேன். அவர் கண்ணில் தண்ணீர் வருகிறவரைக்கும் சிரித்தார். நான் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. பிள்ளைகளின் தப்பைத் திருத்துவதுதான் என் பிழைப்பு, அது தூரத்திலிருந்து எழும்பி வருகிற அலை என்று தெரிந்த பிறகும் இந்த ஒரு தப்பை மட்டும் திருத்தாமல் விட்டேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அது வீக்கம்தான்.

அவருக்கு நல்ல குரல். ஞாயிறு ஆராதனையில் வேதபாடம் வாசிக்க யாராவது வராமல் போனால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். மைக் வேலை செய்யாத நாளிலும் கடைசி பெஞ்சுக்குக் கேட்கும். அந்தக் குரலில்தான் தினமும் காலையில், டீ குடிப்பதற்கு முன்னால், ஆப்பில் உள்ள ஆங்கிலத்தைத் தமிழாக்கி மகளுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்புவார்.

"பாப்பாவின் பாறைக்கான இன்றைய நிலவரம். தெற்கு தென்மேற்கிலிருந்து வீக்கம் ஆறு அடி, இடைவெளி பதினைந்து விநாடி, காற்று வடமேற்கிலிருந்து மெதுவாக, காலை சுத்தம், மாலை கலக்கம், மொத்தத்தில் நன்று. இத்துடன் இன்றைய பாடம் முடிந்தது."

கடைசி வரி கோயிலில் பாடம் வாசித்து முடிக்கிறவர்கள் சொல்வது. அதை அலைக்குச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. சொன்னேன். "கடலும் அவர் படைச்சதுதானே" என்றார்.

அங்கே இருப்பவளுக்கு இங்கே இருந்து நிலவரம் எதற்கு? அவளிடம் இதைவிட நல்ல கணிப்பெல்லாம் இருக்கும், எழுந்து ஜன்னலைத் திறந்தால் கடலே இருக்கும். ஆனாலும் தினமும் கேட்டுவிட்டு ஒரு ஆமென் அனுப்புவாள். அந்த ஆமென் வந்த பிறகுதான் அவர் டீயைத் தொடுவார். நானும் மெதுவாக அவர் தோளுக்குப் பின்னால் நின்று ஆப்பைப் பார்க்கப் பழகினேன். எனக்கு அதில் பிடிபடாதது ஒன்றுதான். அலை பெரிதாக இருந்தால் பச்சை நிறம், நன்று. அலை இல்லாவிட்டால் சாம்பல் நிறம், மோசம். பெற்ற வயிற்றுக்கு இது தலைகீழ். பச்சை வந்தால் எனக்கு அன்றைக்குப் பாடம் நடத்த ஓடாது.

"அந்த இடைவெளி என்னங்க?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவுல. அது அதிகமா இருந்தா அலை ரொம்ப தூரத்துலேர்ந்து வருதுன்னு அர்த்தம். எங்கியோ தெற்க, பனிக்கடல் பக்கத்துல புயல் அடிச்சிருக்கும். அந்தப் புயல் அங்கயே ஓஞ்சிருக்கும். அலை மட்டும் ஒரு வாரம் நடந்து வந்து பாப்பாவோட பாறையில ஏறும்" என்றார். ஸ்டோர்ஸில் எந்தச் சரக்கு எங்கிருந்து வருகிறது என்று சொல்கிற அதே தோரணை.

எங்கள் தெருவில் சனிக்கிழமைகளில் வீட்டு ஜெபக்கூட்டம் உண்டு. அந்த வருடம் எங்கள் முறை வந்தபோது, ஜெபக் குறிப்பு ஏதாவது உண்டா என்று எதிர்வீட்டு அக்கா கேட்டார். மகள் கடலில் வேலை பார்க்கிறாள், பயமாக இருக்கிறது என்றேன். அக்கா ஜெபம் செய்தால் அரைகுறையாகச் செய்ய மாட்டார். கடல் முழுவதும் அடங்கட்டும், ஒரு அலைகூட அந்தப் பிள்ளையைத் தொட வேண்டாம், தண்ணீர் தட்டில் ஊற்றினது போல நிற்கட்டும் என்று கண்ணீரோடு மன்றாடினார். நாங்கள் எல்லாரும் சத்தமாக ஆமென் சொன்னோம். என் கணவர் மட்டும் கொஞ்சம் மெதுவாகச் சொன்னார்.

மறுநாளிலிருந்து ஒரு வாரம் ஆப்பில் வெறும் சாம்பல். மகள் போன் செய்தாள்.

"என்னம்மா நடக்குது அங்க? இங்க ஃபிளாட். சுத்தமா ஃபிளாட், ஒரு அலைகூட இல்ல. கெஸ்ட் எல்லாம் என்னைக் கொலைவெறியோட பாக்கறாங்க. இந்த வேலையில ஃபிளாட்னு சொல்றதவிட கெட்ட வார்த்தையே கிடையாது."

அவர் போனை வாங்கி, எதிர்வீட்டு அக்காவின் ஜெபத்தைப் பற்றிச் சொல்லிவிட்டார். "ஐயோ, அந்த ஆன்ட்டிய உடனே நிறுத்தச் சொல்லுங்கப்பா!" என்று அவள் அலறியது எனக்கே கேட்டது. எனக்கு அந்த வாரம் முழுக்க நல்ல தூக்கம்.

அடுத்த வருடம் மார்ச்சில் அவருக்குக் காலில் வீக்கம் தொடங்கியது. முதலில் செருப்பு இறுக்கமாக இருக்கிறது என்றார். செருப்பை மாற்றினோம். பிறகு சாக்ஸ் கழற்றினால் அதன் பட்டை கணுக்காலில் வளையமாகப் பதிந்து கிடந்தது. குரோம்பேட்டையில் டாக்டர் பெருவிரலால் அவர் முன்னங்காலை அழுத்திப் பார்த்தார். விரலை எடுத்த பிறகும் பள்ளம் அப்படியே நின்றது. இதயம் பலவீனமாகிவிட்டது, உடம்பில் தண்ணீர் சேருகிறது என்றார். உப்பைக் குறைக்க வேண்டும், தண்ணீரை அளந்து குடிக்க வேண்டும், மாத்திரை தவறக்கூடாது.

வீட்டுக்கு வரும் வழியிலேயே இவர் சொல்லிவிட்டார். "பாப்பாகிட்ட சொல்லாத. இப்பதான் சீசன் ஆரம்பிக்குது. அக்டோபர்ல வருவா, அப்ப பாத்துக்கலாம்."

"அக்டோபர் என்ன பக்கத்துலயா இருக்கு?"

"சொன்னா அடுத்த பிளைட்ல வந்து நிப்பா. இந்த வருஷம்தான் அவள நம்பித் தனியா தோணி குடுத்திருக்காங்க."

நான் சண்டை போட்டேன். அவரிடம் சண்டையில் ஜெயித்தவர்கள் கிடையாது, ஏனென்றால் அவர் பதிலுக்குச் சண்டை போட மாட்டார். இரண்டு மாதம் அப்படியே போனது. ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் டாக்டர் கேட்பது "வீக்கம் எப்படி இருக்கு?" வீட்டில் காலையில் வாய்ஸ் மெசேஜிலும் வீக்கம். சிரிக்கிறதா அழுகிறதா என்று எனக்குத் தெரியாத நாட்கள் அவை.

மே மாதம் ஒரு ஞாயிறு. அவர் கோயிலுக்குப் போகவில்லை, படுத்திருந்தார். மகள் என் போனுக்கு அழைத்தாள். அவள் எப்போதும் அவர் போனுக்குத்தான் அழைப்பாள்.

"அம்மா, வீக்கம் எப்படி?"

காலையில் அவர் வாசித்தது என் காதில் இருந்தது. "கொறஞ்சிருக்குடி. நாலு அடிதான்" என்றேன்.

"கடல் வீக்கம் இல்லம்மா."

யார் சொன்னது என்று கேட்டேன்.

"யாரும் சொல்லல. அப்பாதான் தினமும் சொல்றாரு. முன்னாடியெல்லாம் தெற்கு தென்மேற்குல ஆரம்பிச்சா நன்று வரைக்கும் ஒரே மூச்சு. இப்ப தெற்குன்னு சொல்லி நிக்கறாரு. ஆறுன்னு சொல்லி நிக்கறாரு, அடின்னு சொல்லி நிக்கறாரு. அலைக்கு அடியில மாட்டிக்கிட்டா மூச்ச வச்சுத்தான்மா நாங்க பொழைக்கறோம். எனக்குத் தெரியாதா? இப்படி மூச்சு வாங்கினா அது இதயம்தானே, காலும் வீங்கியிருக்குமே? படுத்துத் தூங்கறாரா, தலகாணி அடுக்கி உக்காந்துகிட்டுத் தூங்கறாரா?"

இரண்டு வாரமாக மூன்று தலையணை. நான் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல என் நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. அவள் அழவில்லை. வருகிறேன் என்று மட்டும் சொன்னாள். உள்ளே அவரிடம் போய்ச் சொன்னேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு, "சீசன் போயிடும்" என்றார். போனில் கேட்டுக்கொண்டிருந்தவள், "சீசன் அடுத்த வருஷமும் வரும்பா" என்றாள்.

அவள் கிளம்புவதற்கு முன்னால் இவருக்கு மூச்சு வாங்குவது அதிகமாகிவிட்டது. ஆட்டோவில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். ஜி.எஸ்.டி. ரோட்டில் நெரிசலில் நிற்கும்போது ஆப்பைத் திறந்து எனக்கு வாசிக்கத் தொடங்கினார். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "அக்கா, சாருக்கு மூச்சு வாங்கினு கீது, பேச வுடாதீங்க" என்றார். இவர் கேட்கவில்லை. தெற்கே ஒரு பெரிய புயல் எழுந்திருக்கிறது, அதன் அலை வந்துகொண்டிருக்கிறது, ஒன்பது அடி, இடைவெளி பதினெட்டு விநாடி.

ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்தார்கள். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மகளை வரச் சொல்லுங்கள், தள்ளிப்போட வேண்டாம் என்றார். வெளியே வந்து போனைப் பார்த்தால் அவளிடமிருந்து செய்தி. அலை பெரிதாக இருப்பதால் எச்சரிக்கை விட்டிருக்கிறார்கள், தீவிலிருந்து விமான நிலையம் உள்ள தீவுக்குப் படகு விடவில்லை. நடுவில் ஒரு கடல் கால்வாய்தான். அதைத் தாண்ட முடியவில்லை.

அவரிடம் மறைக்க முடியாது. அவர் கையில்தான் ஆப் இருக்கிறதே. மூக்கில் குழாயோடு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் முழுக்கப் பச்சை. அப்படி ஒரு பச்சையை நான் பார்த்ததே இல்லை. மேலே எழுதியிருந்ததை அவர் மெதுவாகத் தமிழாக்கினார். "இந்த சீசனின்... மிகச் சிறந்த... நாள்."

போனைக் கவிழ்த்து வைத்தார். அவர் அதைக் கவிழ்த்து வைத்து நான் பார்த்ததில்லை.

சாயங்காலம் எதிர்வீட்டு அக்கா பார்க்க வந்தார். இவர் குழாயைக் கொஞ்சம் விலக்கிக்கொண்டு, "சிஸ்டர், அன்னைக்குப் பண்ணீங்களே ஒரு ஜெபம். அலையே வேணாம்னு. அத இன்னொரு தடவ பண்ணுங்க" என்றார். அக்கா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு உதட்டை மட்டும் அசைத்து ஜெபித்தார். நாங்கள் இருவரும் ஆமென் சொன்னோம். இந்தத் தடவை அவருடையதுதான் சத்தமாக இருந்தது.

கடல் அடங்கவில்லை. ஆப் மறுநாளும் பச்சையாகவே இருந்தது. ஆனால் அரிசியும் சிமெண்டும் ஏற்றிக்கொண்டு போகிற ஒரு பெரிய சரக்குத் தோணி, தண்ணீர் ஏறின நேரமாகப் பார்த்து அந்தக் கால்வாயைத் தாண்டியது. மூட்டைகளுக்கு நடுவில் எங்கள் பெண் உட்கார்ந்திருந்தாள். கொழும்பு வழியாக வந்து, திரிசூலம் விமான நிலையத்தில் இறங்கி, பையோடு நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தாள். முடியில் இன்னும் உப்பு இருந்தது. தோளில் பாறை கிழித்த தழும்பு ஒன்று, எனக்குச் சொல்லாதது.

அவர் அவளைப் பார்த்து முதலில் கேட்டது இதுதான்.

"அலை எப்படி இருந்துச்சு?"

"சுத்தம்பா. கண்ணாடி. அப்படி ஒண்ண நான் அங்க போனதுலேர்ந்து பாத்ததில்ல."

"ஏறினியா?"

"இல்லப்பா. தோணியில உக்காந்து பாத்துகிட்டே வந்துட்டேன்."

"அடடா" என்றார். மனதார வருத்தப்பட்டார். எனக்கு வந்ததே கோபம். "உசுரக் கையில பிடிச்சுகிட்டு வந்திருக்கா, உங்களுக்கு அலைக் கவலையா?" என்று கத்தினேன். நர்ஸ் எட்டிப் பார்த்தாள். அப்பாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். அவருக்கு இருமல் வந்தது, அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அந்த நிமிடம் எனக்கு யார் மீதும் கோபமில்லை, கடல் மீதுகூட.

வீட்டுக்கு அனுப்பினார்கள். அதன் பிறகு எங்களுக்குச் சில வாரங்கள் கிடைத்தன. காலையில் அவள் அவர் காலடியில் உட்கார்ந்து, டாக்டர் செய்தது போலப் பெருவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு அவர் குரலில் அறிவிப்பாள். "அப்பாவின் காலுக்கான இன்றைய நிலவரம். வலது கணுக்கால் வீக்கம் சுமார். இடது கணுக்கால் நேற்றைவிடக் குறைவு. மாலையில் கலக்கத்துக்கு வாய்ப்பு, காரணம் அம்மா." பிறகு ஆப்பை எடுத்து அந்தப் பாறையின் நிலவரத்தையும் வாசிப்பாள். கடைசி வரியை மட்டும் அவர் சொல்ல வேண்டும் என்று ஒப்பந்தம். எவ்வளவு மூச்சு வாங்கினாலும் அதைச் சொல்லிவிடுவார்.

ஜூலையில் ஒரு காலை, அவள் வாசித்துக்கொண்டிருந்தாள். நான் அடுப்படியில் பாலை இறக்கிக்கொண்டிருந்தேன். வீக்கம் மூன்று அடி என்றாள். காற்றைச் சொன்னாள். மொத்தத்தில் சுமார் என்றாள். பிறகு அவருக்காகக் காத்திருந்தாள். நானும் கரண்டியோடு நின்றேன். கடைசி வரி வரவில்லை.

அடக்க ஆராதனையில் யாரோ பாடம் வாசித்து, கடைசியில் அந்த வரியைச் சொன்னார்கள். அதுவரைக்கும் கல் போல உட்கார்ந்திருந்தவள், அங்கேதான் உடைந்தேன். என்னைக் கைத்தாங்கலாக வெளியே கூட்டிவந்தவள் மகள். அவள் அதற்கு முன்பே அழுதிருந்தாள்.

அடுத்த மார்ச்சில் நான்தான் அவளைப் போகச் சொன்னேன். அவள் தயங்கினாள். "இங்க உக்காந்து என் மூஞ்சியப் பாத்துகிட்டு என்ன பண்ணப் போற? போ. அப்பா இருந்தா தள்ளி விட்டிருப்பாரு" என்றேன். விமான நிலைய வாசலில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றாள்.

"அம்மா, தினமும் காலையில நிலவரம் வாசிச்சு அனுப்பணும்."

"எனக்கு எங்கடி உங்கப்பா குரல்?"

"குரல் வேணாம்மா. மூச்சு போதும். ஒரே மூச்சுல வாசி."

வாசிக்கிறேன். தெற்கு தென்மேற்கில் ஆரம்பித்து நன்று வரைக்கும். பாடம் முடிந்தது என்பதை மட்டும் நான் சொல்வதில்லை. அது அவருடையது. பச்சை வந்தால் இன்றும் எனக்குப் பயம்தான், ஆனால் நன்று என்பதை நன்று என்றே வாசிக்கிறேன்.

போன வாரம் எனக்குச் சளி. பாதியில் இருமல் வந்துவிட்டது. அழித்துவிட்டு மறுபடி பதிந்தேன், மறுபடி இருமல். கடைசியில் தெற்குக்கும் தென்மேற்குக்கும் நடுவில் ஒரு மூச்சு வாங்கி எப்படியோ முடித்து அனுப்பினேன். பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும்போது வீடியோவில் அழைத்தாள். பின்னால் தோணி, அதில் ஏறி உட்கார்ந்து இவளுக்காகக் காத்திருக்கும் வெள்ளைக்காரர்கள்.

"அம்மா, காலைக் காட்டு."

"வெறும் சளிடி."

"காட்டு."

நாற்காலியில் உட்கார்ந்து புடவையைக் கொஞ்சம் தூக்கி, போனைக் கீழே பிடித்தேன். பெருவிரலால் அழுத்தச் சொன்னாள். அழுத்தினேன். எடுக்கச் சொன்னாள். எடுத்தேன். போனை இன்னும் கிட்டே கொண்டுபோகச் சொல்லி, என் கணுக்காலை நெடுநேரம் பார்த்தாள். பின்னால் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள், அவள் திரும்பவில்லை.

"ஃபிளாட்" என்றாள்.

அவள் தொழிலில் அதைவிடக் கெட்ட வார்த்தை கிடையாது. அதை அவள் இரண்டு தடவை சொன்னாள், சிரித்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு.